‘எனக்கப்புறம் எல்லாம் உனக்குத்தானே’ என்ற சொல் உயில் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தஞ்சாவூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது 68. என் கணவர் 2019ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் மாரடைப்பால் காலமானார். முப்பத்தேழு ஆண்டு இல்லறத்தில் சொத்தைப் பற்றிய பேச்சு வந்தபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றே: “எனக்கப்புறம் எல்லாம் உனக்குத்தானே, இதுல எழுத என்ன இருக்கு?” அவர் அதை மனதாரச் சொன்னார், நானும் மனதார நம்பினேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. அவர் போன பிறகு ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கித்தான் அதைத் தெரிந்துகொண்டேன். என்னைப் போல நம்பியிருக்கும் மனைவியரும், வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் கணவன்மாரும் தங்கள் வாசகர்களில் ஏராளமாக இருப்பார்கள் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.

நாங்கள் 1996ல் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை வாங்கி, இரண்டு ஆண்டுகளில் அதில் வீடு கட்டினோம். மனைக்கான முன்பணம் என் வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்தது. தளம் போடும் வாரத்தில் பணம் போதாமல் என் எட்டுப் பவுன் இரட்டை வடச் சங்கிலியை விற்றோம். வீட்டுக் கடனுக்கு நானும் கையெழுத்துப் போட்டேன். மாதத் தவணையில் பாதி என் சம்பளத்திலிருந்து போயிற்று. ஆனால் கிரயப் பத்திரம் அவர் பெயரில் மட்டுமே இருந்தது. ஆம்பிளை பெயரில் எழுதுவதுதான் வழக்கம் என்று பத்திரம் எழுதியவர் சொன்னார். நாங்களும் வேறு விதமாக யோசிக்கவில்லை. கடனில் இணைக் கையெழுத்து இருப்பதால் வீட்டில் பாதி எனக்கு உண்டு என்றே இருபது ஆண்டுகள் எண்ணியிருந்தேன். கடன் பத்திரத்தில் போடும் கையெழுத்து, கடனைக் கட்டும் பொறுப்பைத்தான் நம் தலையில் ஏற்றுகிறது. வீடு யாருடையது என்று கேட்டால் அலுவலகங்கள் எடுத்துப் பார்ப்பது கிரயப் பத்திரத்தை மட்டுமே.

அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில வாரங்களில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். வந்த சான்றிதழில் நான்கு பெயர்கள் இருந்தன: நான், என் மகன், என் மகள், என் மாமியார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்துபோகும் ஆணின் சொத்து முதல் நிலை வாரிசுகளான மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் ஆகியோருக்கு ஆளுக்கொரு சம பங்காகச் சேர்கிறது. மனைவிக்கென்று தனி முன்னுரிமை எதுவும் இல்லை. பிள்ளைகள் ஆறு பேர் என்றால் மனைவியின் பங்கு இன்னும் சுருங்கும். என் சங்கிலி போட்டுக் கட்டிய வீட்டில் எனக்குக் கிடைத்தது நான்கில் ஒரு பங்கு.

பிள்ளைகள் இருவரும் உடனே தங்கள் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தார்கள். மாமியாருக்கு அப்போது வயது 86. பெற்ற மகனைப் பறிகொடுத்த துயரத்தோடு என் வீட்டில்தான் இருந்தார். “நீ இருக்கிற வீடும்மா இது, எனக்கு எதுக்குப் பங்கு? எங்க கை வைக்கணும் சொல்லு, வைக்கிறேன்” என்றார். அவரை அழைத்துக்கொண்டு போக நாள் குறித்திருந்த வாரத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. படுத்த படுக்கையாக இருப்பவரை எப்படிப் பத்திர ஆபீசுக்குத் தூக்கிச் செல்வது என்று தள்ளிப்போட்டோம். உடல்நலம் குன்றி வர இயலாதவருடைய வீட்டுக்கே சார்பதிவாளர் வந்து பத்திரத்தைப் பதிவு செய்ய 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதற்கான கட்டணத்தைக் கட்டி மனுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த விவரத்தை எங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. பதினான்கு மாதங்கள் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார்.

அங்கிருந்துதான் கணக்கு சிக்கலாயிற்று. என் மாமியாருக்கு வந்த நான்கில் ஒரு பங்கு, அவர் உயில் எழுதாமல் இறந்ததால் அவருடைய பிள்ளைகளுக்குப் போயிற்று. அவருக்கு நான்கு பிள்ளைகள்: என் மூத்தார், என் கணவர், என் கொழுந்தன், என் நாத்தனார். ஆளுக்குப் பதினாறில் ஒரு பங்கு. இறந்துபோன என் கணவருக்குரிய பங்கு என் பிள்ளைகள் இருவருக்கும் வந்தது. மருமகளாகிய எனக்கு அதில் சட்டப்படி ஒன்றும் இல்லை. மலேசியாவில் இருக்கும் நாத்தனார், அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரத்தை அனுப்பித் தம் பங்கை விட்டுக்கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும். கொழுந்தனும் ஓராண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு கையெழுத்திட்டார். மூத்தார் “அடுத்த மாசம் வர்றேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்து 2022ல் இறந்துபோனார். அவருடைய பதினாறில் ஒரு பங்கு, அவர் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் நான்காகப் பிரிந்தது. அறுபத்து நான்கில் ஒரு பங்கு என்றால் என் மனையில் முப்பத்தேழரை சதுர அடி. ஓர் இரட்டைக் கட்டில் போடும் இடம். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். தம் உடன்பிறந்தாரோடு அவருக்கு இருக்கும் மனத்தாங்கலால் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மறுக்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. சட்டம் அவருக்குத் தந்திருக்கும் பங்கு அது. ஆனால் அந்த ஒரு கையெழுத்து இல்லாததால் ஒழுகும் தளத்தைச் செப்பனிட வீட்டின் பேரில் வங்கிக் கடன் கிடைக்கவில்லை. மாடி எடுக்க மகன் கேட்ட திட்ட அனுமதியும் நிற்கிறது. என் கணவர் ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதி, இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்திருந்தால் இவற்றில் ஒன்றுகூட நடந்திருக்காது.

இங்கே நாமினி என்று நாம் சொல்லும் நியமனதாரர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். என் கணவரின் வைப்புத் தொகைக்கு நான்தான் நாமினி. வங்கியில் பணத்தை அலைக்கழிக்காமல் கொடுத்துவிட்டார்கள். “நாமினி போட்டாச்சு, இனிக் கவலை இல்லை” என்று நம் வீடுகளில் பேசுகிறோம் அல்லவா, அந்த எண்ணத்தோடுதான் நானும் இருந்தேன். ஓராண்டு கழித்து, “அண்ணன் டெபாசிட்ல அம்மாவுக்கும் பங்கு உண்டே, அது எங்களுக்கு வரணுமே” என்று கொழுந்தன் கேட்டபோதுதான் வழக்கறிஞரிடம் போனேன். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஆள் மட்டுமே. அதை வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. ஆயுள் காப்பீட்டுத் தொகையைப் பொறுத்து 1984லேயே சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கம்பெனிப் பங்குகளுக்கும் இதுவே பொருந்தும் என்று 2023 டிசம்பரில் மீண்டும் சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் அவர்களே உரிமை பெறும் நாமினி ஆகிறார்கள். வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்ற வசதி 2025 நவம்பர் முதல் வந்திருக்கிறது. எத்தனை பேரைப் போட்டாலும் அது உயிலுக்கு ஈடாகாது. கூட்டுக் கணக்கில் ‘உயிருடன் இருப்பவருக்கு’ என்று எழுதிவைப்பதும் வங்கி யாரிடம் பணத்தைக் கொடுக்கலாம் என்பதைத்தான் தீர்க்கிறது.

மணமான மனைவிக்கே இந்த நிலை என்றால், மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்தவருக்கு என்ன மிஞ்சும்? எங்கள் அடுத்த தெருவில் தையல் வேலை செய்துவந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுத, அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். இளம் வயதில் கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். முறைப்படி விவாகரத்து ஆகவில்லை. மனைவியை இழந்த, சிறு லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரோடு பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த மனிதர் சர்க்கரை நோயால் காலில் விரல்களை இழந்தபோது தினமும் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டவர் இவர்தான். இருவரும் ஐந்து லட்ச ரூபாய் போக்கியத்துக்கு ஒரு வீட்டில் இருந்தார்கள். அதில் இரண்டு லட்சம் இவர் நகையை அடகு வைத்துக் கொடுத்தது. ஒப்பந்தம் அவர் பெயரில். அவர் இறந்த பதினாறாம் நாள் அவருடைய மகன்கள் வந்தார்கள். வீட்டுக்காரர் வாரிசுச் சான்றிதழைப் பார்த்து ஐந்து லட்சத்தையும் அவர்களிடம் கொடுத்தார். சட்டப்படி அவர் வேறு யாரிடமும் கொடுத்திருக்க முடியாது. இவரை நாமினியாகப் போட்டிருந்த சிறு வைப்புத் தொகை ஒன்று இருந்தது. வங்கி அதைக் கொடுத்தது. வக்கீல் நோட்டீஸ் வந்ததும் பயந்து அதையும் மகன்களிடமே திருப்பித் தந்துவிட்டார். வீட்டை விட்டு வெளியேறியபோது கையோடு எடுத்துப்போக முடிந்தது தையல் மெஷினை மட்டுந்தான். அதன் பில் இவர் பெயரில் இருந்தது; சேலைப் பெட்டிக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்தார்.

சேர்ந்து வாழ்வோருக்கு உச்ச நீதிமன்றம் உரிமை கொடுத்துவிட்டது என்று செய்திகளில் படித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. என்ன கொடுத்தது என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், ‘திருமணத்தின் தன்மையிலான உறவில்’ இருக்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பும் பராமரிப்புத் தொகையும் கேட்க இடம் தருகிறது. கோயம்புத்தூரிலிருந்து மேல்முறையீடாகப் போன வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கில் 2010ல் உச்ச நீதிமன்றம் அதற்கு நிபந்தனைகள் வகுத்தது: இருவரும் சமூகத்தின் முன் கணவன் மனைவியாகவே பழகியிருக்க வேண்டும், உரிய வயதும் திருமணம் செய்துகொள்ளும் தகுதியும் இருக்க வேண்டும், குறிப்பிடத்தக்க காலம் தாமாக விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவருக்கு வேறொரு திருமணம் சட்டப்படி நிலுவையில் இருந்தால் அந்தத் தகுதி போய்விடுகிறது. தையற்காரப் பெண்ணுக்கு நேர்ந்ததும் அதுதான். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தால் திருமணம் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்ற விதியும் இருக்கிறது. எதிர்த்தரப்பு அதை உடைக்கலாம். ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்த வேண்டும். பிள்ளைகளின் நிலை இதைவிட மேல்: செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் பெற்றோரின் சொத்தில் பங்கு உண்டு என்பதை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விரிவாகவே சொன்னது. அந்தப் பிள்ளைகளின் தாய்க்கு அதே சட்டத்தில் வாரிசு என்ற இடம் இல்லை. ஒரே பாலினத் துணைவர்களுக்கோ, 2023 அக்டோபர் தீர்ப்புக்குப் பிறகு திருமணம் என்ற வழியே இல்லாததால், சொத்தைத் துணைக்குச் சேர்ப்பிக்க உயிலும் உயிரோடிருக்கும்போதே எழுதித்தரும் பத்திரமும்தான் இருக்கின்றன.

திருமணம் செய்துகொள்ளத் தடையில்லாதவர்கள் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் பக்கத்தில் ஐம்பது அறுபது வயதில் துணை தேடிக்கொள்ளும் பெண்களில் பலர், மறுமணம் செய்தால் முதல் கணவர் வழியாக வரும் குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடும் என்ற அச்சத்தால் தயங்குகிறார்கள். அது சோற்றுப் பிரச்சினை. அதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமோ, செலவோ மட்டுமே தடை என்றால், தமிழ்நாட்டில் 1967லேயே இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவின்படி, உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் உறுதி சொல்லி மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் அணிவித்தாலோ அது முழுத் திருமணம்தான். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதை மறவாமல் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

உயில் எழுதுவது எவ்வளவு எளிது என்பதை என் வழக்கறிஞர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையெழுத்திட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து, அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. காலக்கெடு எதுவும் இல்லை. வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர், மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் பதிவுச் சட்டத்தில் இடமுண்டு. நீதிமன்றத்தில் உயிலை நிரூபிக்கச் சாட்சிகளில் ஒருவரையாவது விசாரிக்க வேண்டிவரும் என்பதால், தம்மைவிட இளையவர்களைச் சாட்சியாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வயதானவர் எழுதும்போது, அவர் சுயநினைவோடும் தெளிவோடும் இருக்கிறார் என்று ஒரு மருத்துவரின் சான்றும் அதே நாளில் வாங்கிக்கொள்ளலாம். எழுதத் தூண்டியவரே பலன் பெறுபவராக இருந்து, எல்லா ஏற்பாட்டையும் முன்னின்று செய்திருந்தால் நீதிமன்றம் சந்தேகக் கண்ணோடு பார்க்கும். ஆகவே மனைவியோ துணைவியோ அந்த அறையில் இல்லாமலிருப்பதே அவருக்குப் பாதுகாப்பு. மனைவி தமக்கு முன்பே இறந்துவிட்டால் சொத்து யாருக்கு என்பதையும் ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். பூர்வீகச் சொத்தில் தம் பங்கைத்தான் எழுத முடியும் என்பதும் நினைவிருக்கட்டும். மணமாகாத துணைக்கு எழுதுபவர்கள், இன்னார் இத்தனை ஆண்டுகளாக என்னோடு வாழ்ந்து என்னைப் பராமரித்தவர், ஆதலால் இதை அவருக்கு எழுதுகிறேன், பிள்ளைகளுக்கு இன்ன காரணத்தால் இவ்வளவு என்று மறைக்காமல் எழுத வேண்டும். அந்த உறவை வெளியில் சொல்லக் கூசி, ‘வேலைக்காரப் பெண்’ என்றோ ‘தூரத்து உறவு’ என்றோ எழுதிவைத்தால், நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்தச் சொல் ஒன்றே போதும்.

பழைய உயில்களில் அடிக்கடி காணும் ஒரு வாசகத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். “என் மனைவி தன் ஜீவிய காலம் வரை மேற்படி சொத்தை யாதொரு வில்லங்கத்துக்கும் உட்படுத்தாமல் ஆண்டனுபவித்து வரவேண்டியது, அவள் காலத்துக்குப் பின் என் குமாரர்கள் சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியது” என்று எழுதுகிறார்கள். முதல் மனைவியின் பிள்ளைகள் ஒரு பக்கம், இரண்டாவது மனைவியோ துணைவியோ மறுபக்கம் என்று இருக்கும் குடும்பத்தில் இது நியாயமான ஏற்பாடு. இருப்பவர் தெருவுக்கு வராமலும், பிள்ளைகள் சொத்தை இழக்காமலும் இருப்பார்கள். அந்தத் தையற்காரப் பெண்ணுக்கு இப்படி ஒரு வரி இருந்திருந்தால்கூடப் போதும். ஆனால் வாழ்நாள் முழுதும் கூட உழைத்த மனைவிக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூட விற்க முடியாத வீட்டைக் கொடுத்துவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. அவளுக்கு முழு உரிமையாகவே எழுதலாம். தவிரவும், மனைவியின் பராமரிப்பு உரிமைக்கு ஈடாகக் கொடுத்த வரையறைக்குட்பட்ட உரிமை முழு உரிமையாகிவிடும் என்று 1977ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த உயிலின் வாசகம் அதில் வரும், எது வராது என்ற வழக்குகள் இன்றும் நடக்கின்றன. வழக்கறிஞரிடம் காட்டாமல் பழைய உயிலைப் பார்த்து அந்த வரியை நகல் எடுக்க வேண்டாம்.

உயிருடன் இருக்கும்போதே சொத்தை இனாமாக எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரம் இன்னொரு வழி. குடும்பத்தாருக்கு எழுதினால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஒன்று, அதுவும் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் நூற்றுக்கு ஒன்று, உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலைக்கு முன்பு இந்த வரம்புகள் 25,000, 4,000 என்று இருந்தன. மனைவியின் பெயரை வீட்டுப் பத்திரத்தில் சேர்க்க இதைவிட மலிவான வழி இல்லை. மணமாகாத துணை ‘குடும்பம்’ என்ற வரையறைக்குள் வராததால், அவருக்கு எழுதினால் ஏழும் இரண்டுமாக ஒன்பது சதவீதம் ஆகும். இருபது லட்ச ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். அவர்களுக்கு உயில்தான் கைக்கு எட்டும் வழி.

கடன் வாங்கித் தொழில் செய்யும் கணவன்மார் கவனிக்க வேண்டியது 1874ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம். அதன் 6ஆவது பிரிவின்படி, மனைவிக்காகவோ மனைவி மக்களுக்காகவோ என்று பாலிசியிலேயே குறிப்பிட்டு எடுக்கும் ஆயுள் காப்பீடு, அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்தாகிவிடுகிறது. அவருடைய கடன்காரர்களும் அதைத் தொட முடியாது, மற்ற வாரிசுகளும் பங்கு கேட்க முடியாது. இந்துக்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் இந்தப் பிரிவு சென்னை மாகாணத்தில் 1913 டிசம்பருக்குப் பிறகு எடுத்த பாலிசிகளிலிருந்தே பொருந்தும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மற்ற பகுதிகளுக்கு 1923லிருந்துதான். பாலிசி எடுக்கும்போதே தனிப் படிவத்தில் கேட்டு வாங்க வேண்டும். முகவர்கள் தாமாகச் சொல்வது அபூர்வம். பி.எஃப்., கிராஜுவிட்டி விஷயத்தில், குடும்பம் உள்ளவர் குடும்பத்துக்கு வெளியே ஒருவரை நாமினியாகப் போட முடியாது. மனைவியைப் பிரிந்து வேறொருவரோடு வாழும் ஆண்கள் இதை நினைவில் வைத்து, துணைக்கு வேறு சேமிப்பை ஒதுக்கி உயிலில் எழுத வேண்டும்.

பெண்களும் எழுத வேண்டும். பிள்ளையில்லாத இந்துப் பெண் கணவனையும் இழந்து, உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாதித்த சொத்துகூட அவளைப் பெற்றவர்களுக்கு முன் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். மணமாகி மூன்று மாதத்தில் விதவையாகிப் புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, பிறந்த வீட்டார் படிக்க வைத்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு, கணவனுடைய அக்காள் தங்கை பிள்ளைகளுக்கே சேர வேண்டும் என்று 2009ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் எழுத்துப்படி தீர்ப்பளிக்க நேர்ந்தது. அதே போல, பிள்ளையில்லாத மனைவி தன் தகப்பனாரிடமிருந்து வாரிசாக அடைந்த வீடு, அதில் அவளோடு முப்பது ஆண்டு வாழ்ந்த கணவனுக்கு வராது. அவளுடைய தகப்பனாரின் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதிவைக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே வேண்டுகோள் விடுத்தது இத்தகைய வழக்குகளைப் பார்த்துத்தான்.

மற்ற சமயத்தாருக்கு விதிகள் வேறு. பிள்ளைகள் உள்ள கிறித்தவ விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகள் உள்ள இஸ்லாமிய விதவைக்கு எட்டில் ஒரு பங்கு. இஸ்லாமியர் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் உயில் எழுத முடியாது என்பதால், வாழ்நாளிலேயே கொடுக்கும் ஹிபா என்னும் கொடை பற்றி விசாரிக்க வேண்டும். கிறித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: துணைக்கு உயில் எழுதிவிட்டுப் பிறகு திருமணம் செய்துகொண்டால், அது அதே துணையோடு நடந்த திருமணமாக இருந்தாலும், பழைய உயில் தானாகவே செல்லாததாகிவிடும். திருமணத்துக்குப் பின் புதிதாக எழுத வேண்டும். பலன் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதிய பகுதியும் போய்விடும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நாமினிப் படிவத்தின் தலைப்பிலேயே, ‘நியமனதாரர் சொத்தின் உரிமையாளர் ஆகமாட்டார்; உயில் எழுதவும்’ என்று தமிழில் அச்சிட வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும். பத்திரப்பதிவு அலுவலகங்களின் சுவரிலும் உயில் பற்றியும் வீட்டுக்கு வந்து பதிவு செய்வது பற்றியும் எளிய தமிழில் எழுதிவைக்க வேண்டும். இரண்டாவதாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு, மனைவிக்கு எழுதும் மாதிரி உயில் ஒன்றையும் மணமாகாத துணைக்கு எழுதும் மாதிரி உயில் ஒன்றையும் வெளியிட வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்கும் பெண்கள், அந்தந்த மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், எந்தப் பெண்ணுக்கும் அங்கே இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. தையற்காரப் பெண்ணை நான் அங்கேதான் அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன். போக்கியத்தில் அவர் போட்ட இரண்டு லட்சத்துக்கு அடகுக் கடை ரசீதுகள் இருக்கின்றனவா என்று தேடிக்கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை மூன்று ரசீதுகள் கிடைத்திருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தஞ்சாவூர்.